புட்டியும் பூனையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேலிச்சித்திரக்காரன் உபதேசத்தில் இறங்கினால் அவன் கோடு செத்துவிடும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்கின் ‘தி பாட்டில்’ படத்தொடரை எங்கே வைப்பீர்கள்? அசல் மதுவிலக்குப் பிரச்சாரம் அது. பார்த்த எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

க.

அன்புள்ள க.,

மாட்டிக்கொண்டேன். அந்த வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன்.

1847இல் வந்த எட்டுப் படங்கள். முதல் படத்தில் குறையில்லாத ஒரு தொழிலாளி வீடு. ‘ஒரு வாய்தானே’ என்று கணவன் மனைவியிடம் கிளாஸை நீட்டுகிறான். தரையில் பூனை குட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் படத்தில் அவனுக்கு வேலை போய்விட்டது, துணிமணி அடகுக்குப் போகிறது. இப்போது பூனையைத் தேடுங்கள். எலும்பும் தோலுமாக மேசைமேல் ஏறி, காலித் தட்டை நக்கிக்கொண்டிருக்கும். மூன்றாவதில் வீட்டுச் சாமான்கள் ஜப்தி. அப்புறம் பிச்சை, குழந்தையின் சாவு, அடிதடி. ஏழாவதில் அந்தப் புட்டியாலேயே மனைவியைக் கொன்றுவிடுகிறான். எட்டாவதில் புத்தி பேதலித்துக் கிடக்கிறான். படங்களுக்குக் கீழே இருக்கும் வாசகங்கள் உபதேசம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வாசகங்களா? பூனையாகத்தான் இருக்கும்.

பூனையை அங்கே வைத்த கண் கேலிச்சித்திரத்தில் பழகிய கண். இளமையில் இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் மன்னரைக் கிழி கிழியென்று கிழித்தவர் இவர். மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று 1820இல் 100 பவுண்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதே ஆண்டில் புட்டிகள் சிதறிக் கிடக்க, போதையில் நாற்காலியில் சரிந்து கிடக்கும் ஜார்ஜையும் வரைந்தார்!

குடியை அவர் தள்ளி நின்று பார்த்தவரும் அல்ல. அப்பா ஐசக்கும் கேலிச்சித்திரக்காரர், குடித்தே செத்தவர். மகனும் நன்றாகவே குடித்தார். ‘தி பாட்டில்’ படங்களை மதுவிலக்குச் சங்கத் தலைவர் வில்லியம் கேஷிடம் காட்டியபோது, ‘இதை வரைந்த நீங்கள் குடிக்கலாமா?’ என்கிற மாதிரி அவர் கேட்டுவிட்டார். அதன் பிறகுதான் இவர் குடியை விட்டார். ஊரைத் திருத்தப் போட்ட படம் முதலில் போட்டவரையே பிடித்துக்கொண்டது.

ஒரு ஷில்லிங் விலையில் ஒரு லட்சத்தை ஒட்டி விற்றது என்பார்கள். அடுத்த ஆண்டே ‘குடிகாரனின் பிள்ளைகள்’ என்று இன்னொரு எட்டு. அதற்கு மதிப்புரை எழுதிய நாவலாசிரியர் டிக்கன்ஸ் சரியான இடத்தில் கை வைத்தார். காற்றும் வெளிச்சமும் தண்ணீரும் இல்லாத குடியிருப்புகள்தான் மனிதனைக் குடிக்குத் தள்ளுகின்றன, 1751இல் ஜின் மதுவில் சீரழிந்த தெருவை ‘ஜின் சந்து’ என்று வரைந்த ஓவியர் ஹோகார்த்துக்கு அது தெரிந்திருந்தது என்றார். குரூக்‌ஷாங்கின் கதையிலோ எல்லாமே ஒரு புட்டியில் தொடங்குகிறது. இதில் நான் டிக்கன்ஸ் கட்சி.

என் வரி பொருந்துவது இதற்குப் பிந்தைய குரூக்‌ஷாங்குக்கு. தேவதைக் கதைகளுக்குள்ளும் மதுவிலக்கைப் புகுத்தத் தொடங்கினார். எரிச்சலான டிக்கன்ஸ் 1853இல் சிண்டரெல்லா கதையையே உபதேசம் வழியவழியக் கிண்டலாக எழுதிக் காட்டினார். 1854இல் குரூக்‌ஷாங்க் தன் சிண்டரெல்லாவை வெளியிட்டார். அதில் கல்யாணத்துக்கு மது ஊற்றுகள் திறக்க நினைத்த அரசரைத் தேவதை தடுத்துவிடுகிறாள். இருந்த சரக்கையெல்லாம் ஒன்று சேர்த்துக் கொளுத்துகிறார்கள். இவர் அதைக் கிண்டலாக எழுதவில்லை.