புளோரிடாவின் புதிய சட்டம் என் மகளுக்குப் பொருந்துமா?

கேள்வி: என் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். உள்ளகப் பயிற்சிக்குப் பின், ஐந்து ஆண்டுகளாகக் கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவ அதிகாரியாகக் கடமையாற்றுகிறாள். பட்டப்பின் படிப்பு எதுவும் செய்யவில்லை. புளோரிடாவில் இருக்கும் என் தம்பி, அங்கே சட்டம் மாறிவிட்டது, வெளிநாட்டு வைத்தியர்கள் மறுபடி பயிற்சி பெறத் தேவையில்லை, வேலையை விட்டுவிட்டு வரச் சொல் என்கிறான். மகள் விலகல் கடிதத்தையும் எழுதிவிட்டாள். கொடுக்கலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள அம்மா,

அந்தக் கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். சட்டம் மாறியது உண்மைதான். உங்கள் தம்பி இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகளின் நிலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் வழிவிடவில்லை.

இலங்கையில் மருத்துவ சபையில் ஒருமுறை பதிந்துகொண்டால் நாட்டின் எந்தப் பகுதியிலும் வைத்தியம் பார்க்கலாம். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அனுமதிப்பத்திரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலத்தின் மருத்துவ சபையும் தனது சட்டப்படி தானே வழங்குகிறது. வெளிநாட்டில் படித்தவர்களிடம் நியூயோர்க் மூன்று ஆண்டு வதிவிடப் பயிற்சியையும் (பட்டத்துக்குப் பின் வைத்தியசாலையில் பெறும் ‘ரெசிடென்சி’ பயிற்சி), புளோரிடா வழமையான பாதையில் இரண்டு ஆண்டுகளையும் கேட்கின்றன. கலிபோர்னியாவோ 2020இல், எங்கே படித்தவரானாலும் 36 மாதங்கள் என்று வைத்தது; 2022 முதல், வெளிநாட்டில் படித்தவர் 24 மாதங்கள் முடித்ததும் அனுமதி பெறலாம் என்று தளர்த்தியது.

2024இல் புளோரிடா கொண்டுவந்த சட்டம், தகுதியுள்ள வெளிநாட்டு வைத்தியருக்கு இந்த வதிவிடப் பயிற்சியிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்தத் தகுதி என்ன என்பதில்தான் விடயம் இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அவர் தொழில் செய்திருக்க வேண்டும். அது உங்கள் மகளிடம் இருக்கிறது. ஆனால், அமெரிக்க வதிவிடப் பயிற்சிக்குப் பெரிதும் நிகரானது என்று அந்த மாநிலச் சபை ஏற்கத்தக்க பட்டப்பின் பயிற்சியையும் அவர் ஏற்கெனவே முடித்திருக்க வேண்டும். இங்கே பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. முடித்து விசேட வைத்திய நிபுணரானவர் அதைக் காட்டி வாதாடலாம். ஓராண்டு உள்ளகப் பயிற்சியை அதற்கு ஈடாக ஏற்பார்கள் என்று நம்பி ஒரு நிரந்தர உத்தியோகத்தை விடுவது, என் கணிப்பில், மிகப் பெரிய ஆபத்து. அதற்கு மேல், அந்த மாநிலத்தில் இயங்கும் மருத்துவ நிறுவனம் ஒன்று முழுநேர வேலை தருவதாக முன்வந்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்த மாநிலத்திலேயே பணியாற்ற வேண்டும். 2023இல் டென்னசியும், அதன் பின் வேறு சில மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன. ஒன்றின் நிபந்தனை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால், எதையும் அந்தந்த மாநிலச் சபையின் அறிவித்தலில் நேரடியாகப் படித்தே முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களின் தகுதியை உறுதிசெய்யும் அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி.யின் சான்றிதழ் இருக்கிறது. புளோரிடாவின் புதிய பாதைக்கும் அது கட்டாயம். வதிவிடப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவருக்கும் அது வேண்டும். அதற்கு யூ.எஸ்.எம்.எல்.ஈ. எனும் அமெரிக்க மருத்துவ அனுமதிப் பரீட்சையின் முதல் படியிலும் இரண்டாம் படியின் மருத்துவ அறிவுப் பகுதியிலும் சித்தியடைந்து, மருத்துவத் துறைக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.டி.யிலும் தேற வேண்டும். ஒரு படியை நான்கு தடவைகளுக்கு மேல் எழுத முடியாது என்பதால், அவசரப்பட்டு எழுதி ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது. முதல் படிக்கு 2022 முதல் புள்ளி வழங்கப்படுவதில்லை. சித்தி அல்லது தோல்வி மட்டுமே. ஆகவே இரண்டாம் படியில் பெறும் புள்ளியையே பயிற்சி வழங்கும் வைத்தியசாலைகள் இப்போது கூர்ந்து பார்க்கின்றன. மகள் தன் உழைப்பின் பெரும்பகுதியை அங்கே செலுத்தட்டும்.

நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாகவும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்தாகவும், மருத்துவ சபைப் பதிவில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். சான்றிதழ்களை ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பினர் மருத்துவ பீடத்திடமே நேரடியாக விசாரித்து உறுதிசெய்வதால், பெயர் வேறுபட்டால் விண்ணப்பம் தேங்கிவிடும். முதல் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு ஏற்றது பழைய பாதைதான்: ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழைப் பெற்று, செப்டெம்பரில் வதிவிடப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, எந்த வைத்தியசாலையில் இடம் கிடைத்தது என்று மார்ச்சில் வெளியாகும் தெரிவு முடிவுக்காகக் காத்திருப்பது. சம்பளத்தோடு கூடிய வதிவிடப் பயிற்சி, பொது மருத்துவத்திலும் குழந்தை மருத்துவத்திலும் மூன்று ஆண்டுகள். அதை முடித்தவருக்கு ஏனைய மாநிலங்களின் கதவுகளும் திறக்கும். தனியொரு மாநிலத்தின் விலக்கில் அனுமதி பெற்றவருக்கு அந்த உறுதி இல்லை. நீண்ட வழியானாலும் இதை நான் பரிந்துரைப்பது அதனால்தான். பயிற்சிக்காக ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் செல்பவர் நம் சுகாதார அமைச்சின் கடிதம் ஒன்றையும் பெற வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. வைத்தியர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்ற உடன்படுவோருக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கலாம்.

முதல் இரண்டு பரீட்சைகளுக்கும் வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். இரவுக் கடமைக்குப் பின் படிப்பது கடினம் என்பதை அறிவேன். வீட்டு வேலைகளிலிருந்து மகளை விடுவிப்பது நீங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி. தெரிவு முடிவு சாதகமாக வந்த பிறகு, சம்பளமற்ற விடுமுறை கிடைக்குமா என்று அமைச்சிடம் எழுத்தில் கேட்கட்டும். விலகல் கடிதத்தைப் பற்றி அந்தப் பதில் கைக்கு வந்த பின் யோசிக்கலாம்.