லினக்ஸ் லாகின் திரையில் ஒரு பயனர் கணக்கை மறைப்பது எப்படி?

பேக்கப் எடுக்கவோ, சர்வர் வேலைக்கோ தனியாக ஒரு பயனர் கணக்கு வைத்திருப்போம். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவைத் திறந்தால் வீட்டார் பெயர்களோடு அதுவும் வரிசையில் நிற்கும். அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுப்பதுதான் மறைப்பது.

அது ஏன் வருகிறது? லினக்ஸ் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் தருகிறது. பொதுவாக 1000-க்குக் கீழே இருந்தால் கணினியின் சொந்த வேலைக்கானது. 1000 முதல் மனிதர்களுக்கானது. நாம் உருவாக்கும் கணக்கு இரண்டாம் வகையில் சேர்வதால், ஆள் என்று நினைத்துத் திரையில் காட்டிவிடுகிறது.

அபார்ட்மென்ட் வாசலில் உள்ள பெயர்ப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரை எடுத்தாலும் வீடு அங்கேயே இருக்கும், சாவியும் வேலை செய்யும்.

சரி, எடுப்பது எப்படி? உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோமில், 'வார்' ஃபோல்டருக்குள் 'லிப்', அதற்குள் 'அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்', அதற்குள் 'யூசர்ஸ்' என்று போங்கள். பொதுவாக அந்தக் கணக்கின் பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும். நிர்வாகி அனுமதியோடு திறந்து, 'யூசர்' தலைப்பின் கீழ் 'சிஸ்டம்அக்கவுண்ட்' என்பதை 'ட்ரூ' என மாற்றிச் சேமியுங்கள். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான். பட்டியலுக்குக் கீழே உள்ள 'நாட் லிஸ்டட்' என்பதை அழுத்திப் பெயரைத் தட்டினால் எப்போதும்போல உள்ளே போகலாம்.

மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பாஸ்வேர்டு தெரிந்தவர் நேரிலும், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச் திறந்திருந்தால் வெளியிலிருந்தும், அதே கணக்கில் நுழைய முடியும்.