புரியாத ராக் பாடல் வரிகளுக்கு ரசிகர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்களே, அதில் ஏதாவது தேறுமா?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, இந்த விஷயத்தில் ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டவன் என்பதுதான்.

ப்ரோகோல் ஹாரம் என்ற இங்கிலாந்துக் குழு 1967-ல் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்றொரு பாட்டை வெளியிட்டது. ஆர்கன் வாசிப்புக்காகத்தான் கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் வரிகளில் கால் மாட்டிக்கொண்டது. ஒரு கூட்டம் ஆட்டம் போடுகிறது. பாடுகிறவனுக்குக் கப்பலில் இருப்பதுபோலக் குமட்டுகிறது. அறை இரைகிறது, கூரை பறந்து போகிறது. யாரோ ஒரு மில்லர், அதாவது மாவு ஆலைக்காரர், கதை சொல்ல, அங்கிருக்கும் பெண்ணின் முகம் வெளிறிப்போகிறது. யார் இவர்கள், எங்கே இருக்கிறார்கள், ஒன்றும் பிடிபடாது.

எனக்குப் பிடிபட்டது. அல்லது அப்படி நினைத்தேன். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'காண்டர்பரி கதைகள்' தொகுப்பில் மில்லர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதில் ஒரு தச்சர். அவர் வீட்டில் குடியிருக்கும் மாணவன் அவருடைய மனைவியோடு சேர்வதற்காக, இரண்டாவது பிரளயம் வரப்போகிறது என்று அவரை நம்பவைக்கிறான். அவரும் கூரையில் தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு அதில் ஏறிப் படுத்துக்கொள்கிறார். கீழே மற்றது நடக்கிறது. இப்போது பாட்டைப் பாருங்கள்: கூரை இருக்கிறது, கடல் குமட்டல் இருக்கிறது, மில்லர் இருக்கிறார், கதை கேட்டு வெளிறும் பெண் இருக்கிறாள். பூட்டில் சாவி திரும்பும் சத்தமே எனக்குக் கேட்டது. நாலு பக்கத்துக்கு எழுதி, இசை விஷயத்தில் நான் நம்பும் ஒரு நண்பனுக்கு அனுப்பினேன்.

அவன் பதில் ஒரே வரி. "டேய், இதை எழுதின கீத் ரீட், தான் அந்தக் கதையைப் படித்ததே இல்லை என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார்டா."

தேடிப் பார்த்தேன். உண்மைதான். சாசர் தன் மனதில் இல்லவே இல்லை என்று ரீட் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். தலைப்புகூட ஒரு விருந்தில் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்ன வாக்கியம், காதில் விழுந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டாராம். ஒரு வாரம் அந்த நண்பனோடு நான் பேசவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். எழுதியவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்ததா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். என்னை மாற்றியது பீட்டில்ஸின் 'ஐ ஆம் த வால்ரஸ்'.

அதுவும் 1967தான். ஜான் லெனன் படித்த பள்ளியிலிருந்து ஒரு மாணவன் அவருக்குக் கடிதம் எழுதினான்: எங்கள் ஆசிரியர் வகுப்பில் உங்கள் பாட்டு வரிகளுக்குப் பொருள் சொல்லச் சொல்கிறார் என்று. லெனனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்றே வேண்டுமென்று கண்டதையும் போட்டு அந்தப் பாட்டை எழுதி முடித்தார். கடைசிப் பகுதியில், அந்த நேரம் பிபிசி வானொலியில் ஓடிக்கொண்டிருந்த ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தையும் அப்படியே ஒலிப்பதிவில் கலந்துவிட்டார்கள். ரேடியோவில் எது வந்ததோ அது.

ஆக, அர்த்தமே இருக்கக் கூடாது என்று எழுதிய பாட்டு. ஆனால் வால்ரஸ் என்ற அந்தக் கடல் விலங்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. லூயிஸ் கரோல் எழுதிய 'வால்ரஸும் தச்சரும்' என்ற கவிதையிலிருந்து வந்தது. (என் வாழ்க்கையில் தச்சர்கள் விடாமல் துரத்துகிறார்கள்.) அந்தக் கவிதையில் வால்ரஸ் சிப்பிகளை நைச்சியமாகப் பேசி உலாவக் கூட்டிப்போய்த் தின்றுவிடும். பல வருடம் கழித்து 1980-ல் கொடுத்த பேட்டியில் லெனன் சொன்னார்: திரும்பப் படித்தபோதுதான் வால்ரஸ் அந்தக் கதையில் கெட்டவன் என்று தெரிந்தது, தப்பான ஆளைப் பிடித்துவிட்டேன். எழுதியவரே தன் மூலத்தைத் தப்பாகப் படித்திருக்கிறார்! அப்படிப்பட்டவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது எப்படி?

இதோடு விட்டாரா? 1968-ல் 'கிளாஸ் ஆனியன்' என்ற பாட்டில், வால்ரஸ் உண்மையில் தன் குழுவின் பால் மெக்கார்ட்னிதான் என்று இன்னொரு கொள்ளியைப் போட்டார். குறிப்பு தேடும் ரசிகர்களைக் கேலி செய்ய எழுதிய வரி. அடுத்த வருடம் பால் மெக்கார்ட்னி எப்போதோ செத்துவிட்டார், இருப்பவர் போலி என்று ஒரு புரளி கிளம்பியபோது, அந்தக் கேலி வரியே சாட்சியாக நின்றது. அந்த 'கிங் லியர்' துண்டையும் விடவில்லை. அதில் ஒருவன் சாகும் கட்டம் வருகிறது, போதாதா? ரேடியோ அலைவரிசையில் தற்செயலாக மாட்டிய வசனம், மரண வாக்குமூலம் ஆகிவிட்டது.

புரளிகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில், ஒருவன் தண்ணீரில் மூழ்குவதை இன்னொருவன் வேடிக்கை பார்த்த உண்மைச் சம்பவம் இருக்கிறது என்பார்கள். விவாகரத்துக் கோபத்தில் மைக் முன்னால் நின்று வாய்க்கு வந்ததைப் பாடியது என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதாக இல்லை. ராப் பாடகர் எமினெம் 2000-ல் 'ஸ்டான்' பாட்டில் அந்தப் புரளியை எடுத்துப் போட்டபிறகு அது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. இந்த வகைச் சண்டையில் வரியை யாரும் கேட்பதே இல்லை, கதையைத்தான் கேட்கிறார்கள்.

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. பாடகர் என்ன பாடினார் என்பதே முதலில் தெரியுமா? பொருள் சண்டைகளில் பாதி, உண்மையில் எந்தச் சொல் சரி என்ற பாடச் சண்டைதான். பழைய சுவடிக்கு உரை எழுதியவர்கள் பாடபேதம் பார்க்காமல் உரை சொல்ல மாட்டார்கள்; ராக் ரசிகர்கள் நேராக உரைக்குத் தாவிவிடுவோம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் வானத்தை முத்தமிடப் போகிறேன் என்கிறார். இந்த ஆளை முத்தமிடப் போகிறேன் என்று கேட்டவர்கள் ஏராளம். இப்படித் தப்பாகக் காதில் விழுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கிறது, மாண்டகிரீன். சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் 1954-ல் வைத்த பெயர். சின்ன வயதில் கேட்ட ஒரு கதைப்பாட்டில், கொல்லப்பட்ட பிரபுவைப் புல்தரையில் கிடத்தினார்கள் என்ற வரி, மாண்டகிரீன் சீமாட்டி என்ற ஒரு பெண்ணையும் சேர்த்துக் கொன்றார்கள் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. இல்லாத சீமாட்டிக்காக அந்தக் குழந்தை வருத்தப்பட்டிருக்கிறது.

இதில் உச்சம் 'லூயி லூயி'. ரிச்சர்ட் பெர்ரி எழுதிய எளிமையான பாட்டு: ஒரு மாலுமி, மதுக்கடைக்காரரிடம், ஜமைக்காவில் காத்திருக்கும் காதலியைப் பார்க்கக் கப்பலில் போகிறேன் என்கிறான். அவ்வளவுதான். 1963-ல் கிங்ஸ்மென் குழு போர்ட்லாந்தில் அதைப் பதிவு செய்தபோது, பாடிய ஜாக் ஈலிக்குப் பல்லில் கம்பி. மைக்கோ தலைக்கு மேலே தொங்கியது. அண்ணாந்து கத்தியிருக்கிறார். ஒரு சொல்லும் விளங்காது. உடனே இளவட்டங்கள் ஆபாசமான 'அசல் வரிகளை'த் தாளில் எழுதிக் கைமாற்றத் தொடங்கினார்கள். 1964-ல் ஒரு பெற்றோர் அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே புகார் எழுத, அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இறங்கியது. இசைத்தட்டை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்த விசாரணையின் முடிவு: எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியவில்லை.

அரசாங்கச் செலவில் நடந்த ரசிகர் சண்டை என்றுதான் இதைச் சொல்வேன். பெர்ரி எழுதிய வரிகள் வெளியே கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆபாசம் இருக்கிறது என்று கையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டால், காது அந்தத் தாளில் இருப்பதைத்தான் கேட்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள். புரியாத ஒரு வரியை யாராவது "இப்படித்தான்" என்று எழுதிக் காட்டியபிறகு அதை வேறு மாதிரி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று.

புரியாமையையே பாணியாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆர்.இ.எம். குழுவின் 1983 ஆல்பத்துக்குப் பெயரே 'மர்மர்', முணுமுணுப்பு. மைக்கேல் ஸ்டைப் சொற்களை மென்று விழுங்கிவிடுவார்; அட்டையில் வரிகள் கிடையாது. ஒரு ஆல்பத்தின் எல்லா வரிகளையும் அவர்கள் அச்சிட்டுக் கொடுத்தது 1998-ல் வந்த 'அப்' ஆல்பத்தில்தான். அதுவரை ஒவ்வொரு ரசிகனிடமும் ஒரு சொந்தப் பிரதி இருந்தது. என்னிடமும் இருந்தது. சரியான வரிகளை அப்புறம் பார்த்தபோது, சில இடங்களில் என்னுடையதே தேவலை என்று தோன்றியது. டேவிட் போவி ஒரு படி மேலே போனார்: எழுதிய தாளைக் கத்தரித்து, துண்டுகளை மாற்றி அடுக்கிப் பாட்டாக்கினார். அப்படி வந்த வரியில் "இவர் என்ன நினைத்து எழுதினார்" என்று கேட்டால் கத்தரிக்கோலைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டார், எவற்றைக் கீழே போட்டார் என்பது அவர் முடிவுதானே.

அதனால் இப்போதெல்லாம் ஒரு விளக்கத்தைக் கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: பாட்டின் எத்தனை வரிகளை அது தாங்குகிறது? ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறதா? அப்புறம், பாட்டு பிறந்த கதையோடு ஒத்துப்போகிறதா? நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' தலைப்பை ஒரு தலைமுறையின் கலக முழக்கம் என்பார்கள். 'டீன் ஸ்பிரிட்' என்பது பெண்களுக்கான ஒரு டியோடரண்ட். கேத்லீன் ஹானா என்ற பாடகி, கர்ட் கோபேன் மேல் அந்த வாசனை அடிக்கிறது என்று கிண்டலாகச் சுவரில் எழுதினார். கோபேனுக்கு அப்படியொரு பொருள் கடையில் விற்பதே தெரியாது; அதைப் புரட்சி வாசகமாக எடுத்துக்கொண்டு பாட்டுக்குத் தலைப்பாக்கிவிட்டார். அப்படியானால் தப்பாகப் படித்த முதல் ரசிகர் அவர்தான், பாட்டு அந்தத் தப்பிலிருந்துதான் பிறந்தது. முழக்கம் என்று சொல்கிறவர்களைப் பார்த்து இந்த ஒரு விஷயத்தில் நான் சிரிக்க மாட்டேன்.

கடைசியாக, என் சாசர் விவகாரம். ரீட் அந்தப் பாட்டுக்கு மொத்தம் நான்கு சரணம் எழுதியிருந்தார். இசைத்தட்டில் இருப்பவை இரண்டுதான். மூன்றாவது சரணத்தைச் சில மேடைகளில் பாடியிருக்கிறார்கள். மூக்குடைபட்டு ரொம்ப நாள் கழித்துத்தான் அதைக் கேட்டேன். அதில் அந்தப் பெண், கப்பலிலிருந்து விடுப்பில் கரைக்கு வந்திருக்கிறேன் என்கிறாள்; ஆனால் நாங்கள் உண்மையில் கடலில்தான் இருந்தோம் என்கிறான் இவன். கடற்கன்னி வருகிறாள், கடல் தேவன் நெப்டியூன் வருகிறார். பதிவான சரணத்திலேயே பதினாறு வெஸ்டல் கன்னியர், அதாவது பழைய ரோமின் வெஸ்டா தேவி கோயில் பூசாரிப் பெண்கள், கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். (ரோமில் ஒரு சமயத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். பதினாறு எங்கிருந்து வந்தது என்பது தனிச் சண்டை.) சாசர் போனால் போகட்டும். கடல் நான் கட்டிய கதை இல்லை, பாட்டிலேயே இருக்கிறது.

நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இசைத்தட்டில் பாடாமல் விட்ட சரணத்தைப் பாட்டில் எப்படிடா சேர்ப்பாய்?" என்றான்.

அதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.