400 காட்டிய கார் 250-லேயே தவித்தது ஏன்?

தம்பி, வாடகைக்கு எடுத்த மின்சாரக் கார் கிளம்பும்போது 400 கி.மீ. காட்டியது, நெடுஞ்சாலையில் 250 போவதற்குள் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, 150 கிலோவாட் என்று எழுதியிருந்த சார்ஜரில் 45-தான் ஏறியது, வண்டியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு எதுவும் இருக்காது. இந்தக் குளிருக்கு வந்து 11 வருஷமாகிறது, எனக்கும் முதல் தடவை இதேதான் நடந்தது.

திரையில் தெரியும் கிலோமீட்டர் வெறும் கணிப்பு. பல கார்கள் கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துத்தான் அதைச் சொல்லும், உங்களுக்கு முன்னால் எடுத்தவர் ஊருக்குள் நிதானமாக ஓட்டியிருந்தால் அந்தக் கணக்கு உங்கள் தலையில் வந்து விழும். அதனால் அதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் பாருங்கள்: பேட்டரி எத்தனை சதவீதம், 100 கி.மீ.க்கு எத்தனை கிலோவாட் மணி செலவாகிறது. கிலோவாட் மணி என்றால் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான், வேறொன்றுமில்லை. 60 யூனிட் பேட்டரி என்று வையுங்கள். ஊருக்குள் 100 கி.மீ.க்கு 15 யூனிட் என்றால் 400 கி.மீ. வரும். அதே காரைக் குளிரில் 120-இல் விரட்டினால் 23, 24 கூடக் குடிக்கும், அப்போது 250 வந்தாலே பெரிது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது, அதனால் 120-ஐ 105 ஆக்கினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெட்ரோல் காரில் எஞ்சின் சூடே உள்ளே இருப்பவர்களுக்கும் வந்துவிடும், இதில் அந்தச் சூட்டுக்கும் பேட்டரிதான் படியளக்க வேண்டும். இருக்கைச் சூட்டைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறைத்தால் கொஞ்சம் மிஞ்சும்.

சரி, சார்ஜருக்கு வருவோம். யூனிட் என்பது அளவு, கிலோவாட் என்பது அது ஏறும் வேகம். சார்ஜரில் எழுதியிருப்பது அதனால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதுதான், எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிப்பது கார். உங்கள் காரின் உச்சமே 100 என்றால் 350 கிலோவாட் சார்ஜரில் செருகினாலும் 100-க்கு மேல் போகாது. அந்த 100-கூட பேட்டரி காலியாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது கொஞ்ச நேரம்தான். குடம் நிறைய நிறையக் குழாயைத் திருகிக் குறைப்போமே, அதுபோல 80 சதவீதம் நெருங்கும்போது கார் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி 20-க்காக நிற்கும் நேரத்தில், அதற்கு முந்தைய 70-ஐயே ஏற்றிவிடலாம் பல கார்களில்.

உங்களுக்கு 45 வந்ததற்கு அனேகமாகக் குளிர்தான் காரணம். ஜில்லென்ற பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைத் தள்ளினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும், அதனால் கார் அனுமதிக்காது. இதற்கு வழி இருக்கிறது: போகவேண்டிய சார்ஜரைப் போனில் தேடாமல் காரின் சொந்த வரைபடத்திலேயே போடுங்கள், வசதியுள்ள கார் போகிற வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கி வைக்கும். பக்கத்துக் கார் ஏறிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், சில இடங்களில் ஒரே மின்சாரத்தை இரண்டு கேபிள்களுக்கும் பிரித்துத்தான் கொடுப்பார்கள்.

முதல் குளிர்காலத்தில் நான் 6 சதவீதத்தோடு ஒரு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றில் ஆள். பின்சீட்டில் பிள்ளை, ஹீட்டரைப் போடப் பயந்து எங்கள் இருவரின் கோட்டையும் அவளுக்குப் போர்த்திவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து 20-க்குக் கீழே இறங்குமுன் நிறுத்திவிடுவேன், 80 வந்ததும் கிளம்பிவிடுவேன், அடுத்த நிலையம் தூரமென்றால் மட்டும் கூட ஏற்றுவேன். 80-லிருந்து 20 வரை என்றால் மேலே சொன்ன பேட்டரியில் 36 யூனிட், குளிர்கால நெடுஞ்சாலையில் 150 கி.மீ. இந்த 150-ஐ வைத்தே பயணத்தைப் போடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை சாவி வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: இந்த மாடலின் அதிகபட்சச் சார்ஜிங் வேகம் எவ்வளவு, திருப்பித் தரும்போது எத்தனை சதவீதம் இருக்கவேண்டும், சார்ஜருக்குப் பணம் கட்ட அவர்களே அட்டை தருகிறார்களா. டிக்கியைத் திறந்து கேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள், மெதுவாக ஏற்றும் பல இடங்களில் நம் கேபிள்தான் வேண்டும்.