பாரிஸிலிருந்து வரும் மின்சிகரெட்: எந்த வகை ஏற்றது?

கேள்வி: எனக்கு வயது 38. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். நாளொன்றுக்கு 10 சிகரெட் புகைக்கிறேன். பொங்கலுக்குப் பாரிஸிலிருந்து வரும் என் பெரியப்பா மகன், சிகரெட்டை விட உதவும் என்று மின்சிகரெட் வாங்கி வருவதாகச் சொல்கிறார். தூக்கி எறிவது, பாட், மோட், புகையிலையைச் சூடாக்குவது எனப் பல வகைகள் இருக்கின்றனவாம். வேறுபாடு என்ன? புதியவருக்கு எது ஏற்றது?

பதில்: தங்கள் அண்ணனிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், எந்த வகையையும் அவர் பெட்டியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவற்றின் இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தையும் நாடு முழுவதும் தடை செய்கிறது. இறக்குமதிக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தூக்கி எறியும் வகையின் விற்பனையைப் பிரான்சே 2025 பிப்ரவரியில் தடை செய்துவிட்டது.

இனி, தாங்கள் கேட்ட வேறுபாடு. முதல் மூன்று வகைகளுக்கும் அடிப்படை ஒன்றே: பேட்டரி ஒரு சிறு கம்பிச் சுருளைச் சூடாக்க, அதைச் சுற்றியுள்ள பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகிறது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணமூட்டிகள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவை சேர்ந்ததே அத்திரவம். ஆகவே, பெயரையும் வடிவத்தையும் பார்ப்பதை விட, எவ்வளவு நிகோடின் எவ்வளவு விரைவாக உடலில் ஏறுகிறது என்று பார்ப்பதே சரி.

தூக்கி எறியும் வகையில் திரவமும் பேட்டரியும் அடைத்தே வருகின்றன; தீர்ந்ததும் குப்பைதான். பாட் வகையில் பேட்டரி தங்கிவிடும், திரவக் குப்பியை மட்டும் மாற்றுவார்கள். இவ்விரண்டிலும் பெரும்பாலும் நிகோடின் உப்பு சேர்க்கப்படுகிறது. சாதாரண நிகோடின் வீரியம் கூடினால் தொண்டையை எரிக்கும். அமிலம் சேர்த்து உப்பாக்கினால் அந்த எரிச்சல் தணிந்துவிடுகிறது. பழக்கமில்லாதவர் கூடத் தயங்காமல் ஆழ்ந்து இழுப்பதற்கும், இளைஞர்கள் விரைவில் அடிமையாவதற்கும் இதுவே காரணம் என்பதால், இந்த இரு வகைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதன்படி 2 மில்லிலிட்டர் குப்பியில் 40 மில்லிகிராம் நிகோடின் இருக்கலாம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேர்வது ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம்தான். சிகரெட் எரிந்து முடிந்தால் கை தானாக நிற்கும். குப்பிக்கு அப்படியொரு முடிவு கண்ணில் படுவதில்லை.

மோட் என்பது பெரிய பேட்டரியும் கூடுதல் வாட் திறனும் கொண்டது. திரவத்தில் நிகோடின் குறைவு. ஆனால் ஆவி மிக அதிகம். பஞ்சு உலர்ந்த நிலையில் சுருள் அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உருவாகும். புதியவர் கையில் எடுக்கவே கூடாத கருவி இது.

புகையிலையைச் சூடாக்குவது வேறு இனம். அதில் திரவம் இல்லை. உண்மையான புகையிலையே எரியாமல் சுடப்படுகிறது. நம் சட்டம் இதையும் தடைக்குள் சேர்த்திருக்கிறது.

இங்கிலாந்தில் சிகரெட்டை விடுவதற்கு நிகோடின் மின்சிகரெட் உதவியிருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே திரவத்தின் அளவுக்கும் தரத்துக்கும் விதிமுறை உண்டு. இங்கே மறைவாகக் கைமாறும் பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 2019-20-இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்கு நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததில், முறைசாரா வழியில் விற்ற கஞ்சாத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டுக்கே முக்கியப் பங்கு இருந்தது. எனவே புதியவருக்கு ஏற்ற வகை எது என்ற கேள்விக்கு என் விடை, எதுவும் இல்லை என்பதே.

தங்கள் நோக்கம் சிகரெட்டை விடுவது அல்லவா? அதற்கு நிகோடின் சூயிங்கம் சட்டப்படி மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. காலையில் எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்ற வைப்பவராக இருந்தால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். இல்லையேல் 2 மில்லிகிராம் போதும். மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. காரச் சுவை வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, சுவை மங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம். அவை நிகோடினை வாய் உறிஞ்சவிடாது. இதய நோய் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேசியப் புகையிலை உதவி எண் 1800-112-356-ஐ இலவசமாக அழைக்கலாம். நேரில் ஆலோசனை வேண்டுமெனில் ஜிப்மர் மனநலத் துறையை அணுகலாம்.