நடக்காத விபத்துக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: பிரிட்டனில் ஒரு டிராம் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பயணிகளுக்கான ஆபத்துப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கும் வாய்ப்புக்கு ஐந்து வரை, பாதிப்புக்கு ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குகிறோம். வண்டிக்குள் பயணி விழுவது 4 × 2 = 8. டிராம் கவிழ்வது எங்கள் தடத்தில் நடந்ததே இல்லை, அதனால் 1 × 5 = 5. இந்த வரிசைப்படி வேலையைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். விழுவதையும் கவிழ்வதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். விழுவதற்கு உங்கள் பதிவேடே சான்று, ஆண்டுதோறும் எண்ணிக்கை கிடைக்கும். கவிழ்வதற்குப் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பார்த்து 1 என்று எழுதுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

லண்டனின் தெற்கே குரோய்டனில் டிராம் ஓடத் தொடங்கியது 2000-இல். 2016 நவம்பர் 9 விடியற்காலை, மழை இருட்டில், சாண்டிலாண்ட்ஸ் சந்திப்பின் வளைவில் ஒரு டிராம் கவிழ்ந்தது. வண்டியில் 69 பயணிகள். 7 பேர் இறந்தார்கள், 61 பேர் காயமடைந்தார்கள். வளைவுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 20 கி.மீ.; டிராம் நுழைந்தது 73 கி.மீ. வேகத்தில். அதற்கு முந்தைய நாள்வரை அங்கே யாராவது உங்களைப் போல மதிப்பெண் போட்டிருந்தால் அவரும் 1 என்றுதான் எழுதியிருப்பார்.

சரி, பிறகு எப்படிப் போடுவது? மதிப்பெண்ணைத் தள்ளி வைத்துவிட்டு வேறொரு கேள்வி கேளுங்கள்: இந்த வளைவில் ஓட்டுநர் ஒருமுறை கவனம் தவறினால், அடுத்ததாக வண்டியைத் தடுக்க என்ன இருக்கிறது?

சாண்டிலாண்ட்ஸில் அதற்கு விடை "ஒன்றுமில்லை" என்பதுதான். 80 கி.மீ. வேகத்தில் சுரங்கத்துக்குள் வரும் வண்டியை ஓட்டுநர் தன் நினைவை மட்டும் நம்பிக் குறைக்க வேண்டும். வேகப் பலகை கண்ணுக்குத் தெளிவாகும்போது பிரேக் பிடிக்க வேண்டிய இடம் தாண்டியிருக்கும். கைப்பிடியை விட்டால் வண்டி நிற்கும் ஏற்பாடு இருந்தது, ஆனால் கண் அயர்ந்த மனிதரின் கை கைப்பிடியிலேயே கிடக்கலாமே! ஓட்டுநர் ஒரு கணம் தூங்கியிருக்கக்கூடும் என்றுதான் விசாரணையும் கருதியது.

டிராம் பெரும்பாலும் கண்பார்வையை நம்பி ஓடும் வண்டி. அந்த வகையில் பேருந்து மாதிரி. ஆனால் பேருந்து ஓட்டுநரைப் போல ஸ்டியரிங்கைத் திருப்பித் தப்ப முடியாது. அதனால் உங்கள் தடத்தின் வரைபடத்தை விரித்து, அதிக வேகத்திலிருந்து கூர்மையான வளைவுக்கு இறங்கும் இடங்களையெல்லாம் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன கேள்வி. விடை "ஓட்டுநர்" மட்டும்தான் என்றால், பட்டியலில் அதுதான் முதலில். படிப்படியாக வேகம் குறைக்கும் பலகைகள், வளைவில் பளிச்சிடும் அம்புக்குறிகள், ஓட்டுநரின் விழிப்பைக் கவனிக்கும் கருவி, வேகம் மீறினால் தானே பிரேக் போடும் ஏற்பாடு என்று தடுப்புகளைக் கூட்டலாம். குரோய்டனில் இவையெல்லாம் வந்தன, விபத்துக்குப் பிறகு. அப்புறம் ஜன்னல், கதவுக் கண்ணாடிகளையும் பாருங்கள். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் உடைந்த ஜன்னல், கதவு வழியாக வெளியே வீசப்பட்டவர்கள்.

இன்னொன்று. விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 31-இல், அதே வளைவை ஒரு டிராம் சுமார் 45 கி.மீ. வேகத்தில் கடந்து, கவிழாமல் தப்பியது. பயணிகள் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி உரிய நேரத்தில் நடவடிக்கையாக மாறவில்லை. அதே வளைவில் தாமதமாகப் பிரேக் பிடித்த வேறு ஓட்டுநர்களும் இருந்தார்கள். நிர்வாகம் என்ன செய்யுமோ என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. உங்கள் பதிவேட்டில் "மயிரிழையில் தப்பியது" என்ற பக்கம் காலியாக இருந்தால், தடம் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுநர்கள் பயப்படுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். சாண்டிலாண்ட்ஸ் விபத்துக்காக 2023-இல் லண்டன் போக்குவரத்து அமைப்புக்கு ஒரு கோடி பவுண்டும், டிராமை இயக்கிய நிறுவனத்துக்கு 40 லட்சம் பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டது. ஓட்டுநரை ஜூரி விடுவித்தது.

விழுவதை விட்டுவிடலாமா என்றால், கூடாது. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு சின்ன விஷயமில்லை, அந்த 2 எனக்குக் குறைவாகவே படுகிறது. விழுந்தவர் ஏறியதும் விழுந்தாரா, எழுந்து கதவுக்குப் போகும்போதா, அவசர பிரேக்கின்போதா என்று பிரித்துப் பாருங்கள். ஏறியதும் என்றால், உட்காரும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருக்க நேர அட்டவணை இடம் தருகிறதா? அவசர பிரேக் என்றால் காரணம் தெருவில் இருக்கிறது. தண்டவாளத்தைப் பற்றிப்பிடிக்கும் காந்த பிரேக் குறுக்கே வந்தவரைக் காப்பாற்றும், உள்ளே நிற்பவரைத் தள்ளிவிடும். அடிக்கடி அது போடப்படும் சந்திப்பு எது என்று வண்டியின் பதிவுக் கருவியில் தேடினால், வண்டிக்குள் விழுவதைக் குறைக்கும் வழி அந்தச் சந்திப்பின் சிக்னலில் கிடைக்கலாம்.

இந்த வாரமே ஓட்டுநரின் அறையில், இருட்டில், மழை நாளில் ஒருமுறை முழுத் தடமும் போய் வாருங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், பலகை எங்கே படிக்கக் கிடைக்கிறது, பிரேக் எங்கே தொடங்க வேண்டும் என்று இரண்டு இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.