அம்மாவை அம்மாவோடு ஒப்பிடுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பா காலமாகி ஏழு மாதம். 71 வயதான அம்மா இப்போது எல்லாவற்றையும் மறக்கிறார். திறப்பு எங்கே என்றால், 'எனக்கு ஒன்றும் தெரியாது, என்னைக் கேட்காதே' என்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் கோயிலும் நின்றுவிட்டது. வயது போனால் அப்படித்தான் என்கிறார் கனடாவில் உள்ள அண்ணா. இது டிமென்ஷியா என்கிற மறதி நோயா?"

வயதின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். டிமென்ஷியா என்று இப்போதே மனதை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் இளையோரையும் முதியோரையும் ஒரே காலத்தில் சோதித்தபோது, மூளைத்திறன் வெகு முன்னதாகவே சரிவதுபோலத் தெரிந்தது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதித்ததில் படம் மாறியது: பெரும்பாலான திறன்கள் அறுபது வயதுவரை நன்றாகவே நின்றன. முதியவர்கள் குறைவாகப் படித்த தலைமுறையினர் என்பது முதல் கணக்கில் மறைந்திருந்தது. ஆகவே அம்மாவை உங்களோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய அம்மாவோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கை அப்பாதான் பார்த்தார் என்றால், அம்மா அதில் தடுமாறுவது மறதியே இல்லை. மாற்றங்களைத் தேதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நீங்கள் சொல்வதில் என் கவனத்தை ஈர்ப்பது "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற அந்தப் பதில். டிமென்ஷியா பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். பாதிக்கப்பட்டவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார், வீட்டார்தான் முதலில் கவலைப்படுவார்கள். மனச்சோர்வு சில வாரங்களில், ஓர் இழப்பின் பின்னால் வரலாம். அதில் மனிதர் முயலாமலே கைவிட்டுவிடுவார், தன் மறதியைத் தானே நொந்துகொள்வார். "சாமி அறையிலா?" என்று ஒரு குறிப்புக் கொடுத்ததும் நினைவு வந்தால் அது நல்ல அறிகுறி. ஆனால் இரண்டும் சேர்ந்தும் வரும். வீட்டில் இருந்தபடி முடிவு கட்ட முடியாது.

வைத்தியரிடம் தைரொய்ட், விற்றமின் பி12 இரண்டையும் சோதிக்கக் கேளுங்கள். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். நித்திரைக்கும் தடிமனுக்கும் எடுக்கும் சில குளிசைகளே மறதியை உண்டாக்கும். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கிருமித்தொற்றாக இருக்கலாம்.

கொழும்பில் நான் அடிக்கடி காணும் ஒரு தவறு: வைத்தியர் சிங்களத்தில் கேட்க, மகள் மொழிபெயர்த்தபடியே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடுவார். பரிசோதனை அங்கேயே கெட்டுப்போகிறது. தமிழில் சோதிக்கக்கூடியவரைக் கேட்டுப் பெறுங்கள். அது அம்மாவின் உரிமை. எத்தனையாம் வகுப்புவரை படித்தார் என்பதையும் சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், ஐந்தாம் வகுப்போடு நின்றவர் இருபது வயதிலும் திணறியிருப்பார்.

மனச்சோர்வு என்று தெரிந்தால் மருந்தும் உளவளத்துணையும் இந்த வயதிலும் பயன் தரும். இன்றே நீங்கள் தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. மனம் வந்தால் கோயிலுக்குப் போகலாம் என்று அம்மா காத்திருக்கிறார். போகப் போகத்தான் மனம் வரும். முதலில் கீரை ஆயக் கூப்பிடுங்கள். அடுத்த வெள்ளி, அரை மணி நேரம், நீங்களும் கூடவே போய் வாருங்கள்.

"நானும் அவரோடு போயிருக்கலாம்" என்று அம்மா சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

அம்மா அழுதுவிடுவார் என்று அப்பாவின் பேச்சையே எடுக்காமல் இருக்கிறீர்களோ? கல்யாண அல்பத்தை எடுத்து மடியில் வையுங்கள். அடுத்த முறை அண்ணா அழைக்கும்போது, அப்பாவை முதன்முதலில் எங்கே கண்டீர்கள் என்று அவரே அம்மாவிடம் கேட்கட்டும்.